தூளியும் தராசும்

ஜவ்வாது மலையில் சாமை விளையும் கொல்லைகளின் ஓரமாக நடப்போர் காணக்கூடிய காட்சி ஒன்று உண்டு. மரக்கிளையில் பழைய சேலை ஒன்று தூளியாகத் தொங்கும். உள்ளே கைக்குழந்தை உறங்கும். எட்டு, ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி தூளியை ஆட்டிக்கொண்டு நிற்பாள். சற்றுத் தொலைவில் தாய் கதிர் அறுத்துக்கொண்டிருப்பாள். தந்தை அன்று மலையிலேயே இல்லாமலும் இருக்கலாம். கர்நாடகத்துக் காப்பித் தோட்டம் ஒன்றிற்குக் கூலி வேலைக்குப் போயிருப்பார். பாட்டி நலமாய் இருந்தால் சிறுமி பள்ளிக்குப் போவாள். பாட்டிக்குக் காய்ச்சல் கண்டால் அன்று அவளுக்குப் பள்ளி இல்லை.

அச்சிறுமிதான் நம் நாட்டின் மிகப் பழைய குழந்தைக் காப்பகம். அவளுக்குப் பெயர்ப்பலகை இல்லை; ஊதியம் இல்லை; ஓய்வும் இல்லை. கடந்த அரை நூற்றாண்டில் அவள் கையிலிருக்கும் குழந்தையை நோக்கி அரசு பலமுறை வந்திருக்கிறது. சில முறை சோறு கொண்டு வந்தது. சில முறை தராசு கொண்டு வந்தது. அண்மையில் முகத்தைப் படம் பிடிக்கும் கைப்பேசியோடு வந்தது. வந்தபோதெல்லாம் மறுப்புக் குரல்களும் எழுந்தன. அக்குரல்களில் எவை நியாயமானவை? எவை காலத்தால் பொய்த்தன? வரலாற்றை உரைகல்லாகக் கொண்டு இதை நாம் நிதானமாக நோக்குவது நல்லது. ஏனெனில், வீடா அரசா என்று இரு கட்சியாகப் பிரிந்து வாதாடுவோர் இருவருமே அச்சிறுமியை மறந்துவிடுகின்றனர்.

மலையும் வீடும்

கிழக்குத் தொடர்ச்சி மலையின் பகுதியான ஜவ்வாது மலை இன்று திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் ஆகிய மாவட்டங்களில் பரவிக் கிடக்கிறது. ஒரு காலத்தில் இது முழுவதும் வட ஆர்க்காடு மாவட்டமாயிருந்தது. இங்கு வாழ்வோரில் பெரும்பான்மையோர் மலையாளிப் பழங்குடியினர். பெயரைக் கண்டு கேரளத்தவர் என மயங்கலாகாது. மலையை ஆள்பவர் என்பதே பொருள். காஞ்சிப் பகுதியிலிருந்து தம் முன்னோர் மலையேறியதாக அவர்களிடையே மரபுவழிக் கதை உண்டு. பேசுவது தமிழ். சாமையும் தேனும் புளியும் கடுக்காயும் அவர்கள் வாழ்வாதாரம்.

சமவெளியில் ஊர் என்றால் தெருக்களும் கூட்டமும் நம் நினைவில் எழும். மலையூர் அப்படியன்று. பத்து வீடு ஓரிடம், இருபது வீடு அடுத்த சரிவில், இடையே ஓர் ஓடை. இந்தச் சிதறல்தான் குழந்தைப் பராமரிப்புத் திட்டங்கள் அனைத்தும் இங்கு வந்து இடறி விழும் இடம். காவலூரில் 1986 முதல் 2.34 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி ஒன்று விண்மீன்களை நோக்கி நிற்கிறது. எத்தனையோ கோடிக் கல் தொலைவைக் கண்டுகொண்ட மலையில், அடுத்த சரிவிலிருக்கும் பத்து வீட்டுக் குழந்தைகள் கணக்கில் வராமல் போனதும் உண்டு.

எனினும், மலை வீட்டைப் பற்றி அழகிய கற்பனைகளும் நமக்கு வேண்டா. 2015ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் ஆந்திரத்துச் சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று கூறி, காவல்துறையினர் 20 தமிழர்களைச் சுட்டுக் கொன்றனர். அவர்களுள் ஜவ்வாது மலையைச் சேர்ந்தோரும் இருந்தனர். வறுமை எத்தனை தந்தையரை வீட்டிலிருந்து பெயர்த்தெடுக்கிறது என்பதை அன்று நாடு அறிந்தது. ‘குழந்தையை வீட்டிலேயே வளர்க்கட்டும்’ என்று சொல்லுமுன், அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்க வேண்டாமா?

தராசு வந்த காலம்

தமிழ்நாட்டில் சிறு குழந்தைகளைப் பற்றிய அரசின் சிந்தனையைத் திருப்பிவிட்டது 1970களின் தொடக்கத்தில் நிகழ்ந்த ஊட்டச்சத்து ஆய்வு. அன்று இருந்த உணவுத் திட்டங்கள் பள்ளிக்கு வரும் பிள்ளைகளை எட்டின. ஆனால் பசியும் நோயும் உண்மையில் வாட்டியது பால் மறக்கும் பருவத்தில் இருந்த, மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை. அவர்கள் எந்தப் பள்ளிக்கும் வருவதில்லை. வீட்டில், தூளியில் கிடந்தார்கள்.

1975 அக்டோபர் 2ஆம் நாள் மைய அரசு ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தை 33 இடங்களில் தொடங்கிற்று. அங்கன்வாடி என்னும் சொல் அதன் வழியே ஊர்தோறும் பரவிற்று. தமிழ்நாடு தனக்கென மற்றொரு வழியையும் தேடியது. 1980இல், உலக வங்கியின் கடனுதவியோடு, மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் நிறுத்துப் பார்ப்பது, எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் சுமார் மூன்று மாதம் சத்துருண்டை தருவது, தேறியதும் நிறுத்துவது என்பதே அதன் முறை.

தாய்மார் தயங்கினர். பிள்ளையைத் தராசில் தூக்கி நிறுத்தால் கண்பட்டுவிடும் என்பது தமிழ்த் தாயின் பழைய அச்சம். வளர்கிறான் என்று வாய்விட்டுச் சொல்லவே அஞ்சும் மண்ணில் வளர்ச்சியை அட்டையில் கோடிட்டுக் காட்டினால் எப்படி ஏற்பார்கள்? இன்னொரு கேள்வியும் எழுந்தது, இது மூடநம்பிக்கையன்று. ‘பிள்ளை தேறியதும் உருண்டையை நிறுத்துகிறீர்களே, நன்றாய் வளர்த்ததற்கா இந்தத் தண்டனை?’ என்பது அது. எடையை மட்டும் கண்ட அதிகாரிகளிடம் இதற்கு நிறைவான விடை இல்லை.

ஆயினும் அத்திட்டம் மக்களிடையே வேரூன்றியது. கடுமையான ஊட்டக்குறைவு குறிப்பிடத்தக்க அளவு குறைந்தது. காரணம் தராசு மட்டுமன்று. தராசைப் பிடித்த கை. சமுதாய ஊட்டச்சத்துப் பணியாளரைத் தேர்ந்தெடுக்கையில், அதே ஊரைச் சேர்ந்தவளா, ஏழையாயிருந்தும் தன் பிள்ளையை நலமாக வளர்த்தவளா என்று பார்த்தனர். இது எளிய விதியாகத் தோன்றினும் இதனுள் பெரிய ஒப்புதல் ஒன்று அடங்கியிருந்தது. ஏழை வீட்டிலும் பிள்ளை வளர்க்கும் அறிவு உண்டு என்பதை அரசு முதன்முறையாக ஏட்டிலேயே ஒப்புக்கொண்டது. ஊர்ப் பெண்கள் குழுவாகக் கூடினர். சில இடங்களில் சத்துருண்டையையும் அவர்களே செய்தனர். பக்கத்து வீட்டு அக்கா நிறுத்தபோது கண்ணேறு பற்றிய அச்சம் மெல்லக் கரைந்தது.

இதற்கிடையில், 1982 ஜூலை 1ஆம் நாள் திருச்சியை அடுத்த பாப்பாக்குறிச்சியில் முதல்வர் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். இரண்டு வயது நிரம்பிய குழந்தைகளுக்கும் அதில் இடமிருந்தது. பணம் விரயம், வாக்குக்கான வித்தை என்று கற்றோர் பலர் எதிர்த்தனர். வரலாறு அந்த எதிர்ப்பைத் தள்ளுபடி செய்துவிட்டது. தம்பியை மையத்தில் விட்டுத் தமக்கை பள்ளிக்குப் போக வழி பிறந்ததை எந்தக் கணக்காளரும் அன்று வரவில் எழுதவில்லை.

ஆக, அரசு வந்ததே தவறு என்று சொல்வதற்கில்லை. வீடு எப்போதும் குழந்தைக்கு அரணாய் இருந்ததென்றும் சொல்வதற்கில்லை. பெண் சிசுக்கள் பிறந்த வீட்டிலேயே கொல்லப்பட்டதால்தான் 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்தது. அரசு தொட்டில் கட்ட நேர்ந்தது நம் இல்லங்களின் வெட்கம்.

ஆறு வயதில் ஒரு கோடு

நாம் உண்மையில் கூடுதலாக வருந்த வேண்டிய சீர்திருத்தம், ஓசையின்றி வந்த ஒன்று. நம் அரசியலமைப்பு 1950இல் நடைமுறைக்கு வந்தபோது, அதன் 45ஆம் பிரிவு, பதினான்கு வயது நிறையும் வரை எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி அளிக்க அரசு முயல வேண்டுமென்றது. தொடக்க வயது எதையும் அது குறிப்பிடவில்லை. பிறந்த குழந்தையும் அதனுள் அடங்கும் என வாதிட இடமிருந்தது. 1993இல் உன்னிகிருஷ்ணன் வழக்கில் உச்ச நீதிமன்றம், பதினான்கு வயது வரை கல்வி அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தது.

அதைச் சட்டமாக்குகிறோம் என்று கூறி வந்த 86ஆம் திருத்தம் 2002இல் நிறைவேறியது. புதிய 21அ பிரிவு, ஆறு முதல் பதினான்கு வயது வரை என்று கோடு கிழித்தது. ஆறு வயதுக்கு உட்பட்டோர் உரிமை என்னும் வரம்புக்கு வெளியே நிறுத்தப்பட்டனர். அவர்களுக்காக அரசு ‘முயலும்’ என்பதே 45ஆம் பிரிவில் எஞ்சியது. அத்துடன், பிள்ளைக்குக் கல்வி வாய்ப்பளிப்பது பெற்றோரின் அடிப்படைக் கடமை என்று புதிதாக ஒரு விதியும் சேர்க்கப்பட்டது. அதுவும் ஆறு வயதில்தான் தொடங்கியது. பேச்சறியாப் பருவத்துக் குழந்தை இரண்டு பக்கத்திலும் விடுபட்டது.

இதற்கு எதிராகக் குரல் எழுந்தது. திருத்த மசோதா மக்களவையில் எடுத்துக்கொள்ளப்பட்ட 2001 நவம்பர் 28ஆம் நாள் பல்லாயிரம் பேர் தில்லியில் திரண்டனர். மூளை வளர்ச்சியின் பெரும்பகுதி நிகழும் ஆண்டுகளை உரிமையிலிருந்து நீக்குவது வீட்டில் அடித்தளத்தை விட்டுவிட்டுச் சுவர் எழுப்புவது போன்றது என்று கல்வியாளர்கள் வாதிட்டனர். அவர்கள் தோற்றனர். 2009இல் வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 11ஆம் பிரிவிலும், மூன்று முதல் ஆறு வயதுக் குழந்தைகளுக்கு அரசு ஏற்பாடு செய்ய‘லாம்’ என்றே எழுதப்பட்டது. ‘வேண்டும்’ என்பதற்கும் ‘லாம்’ என்பதற்கும் இடையேயுள்ள தொலைவை அந்தத் தூளியருகே நிற்கும் சிறுமி அறிவாள். அவளுக்கு வயது எட்டு. அவளுக்குக் கல்வி உரிமை உண்டு. தம்பிக்கு வயது ஒன்று. அவனுக்கு உரிமை இல்லை. அவனுக்கு இல்லாத உரிமையை அவள் தன் உரிமையைக் கொடுத்து ஈடுசெய்கிறாள்.

தலைக்கணக்கு

அதே 2001 நவம்பர் 28ஆம் நாள், உச்ச நீதிமன்றம் உணவு உரிமை வழக்கில் ஓர் இடைக்கால ஆணை பிறப்பித்தது. ஒவ்வொரு குடியிருப்புக்கும் ஓர் அங்கன்வாடி வேண்டும் என்றது அது. ஒரே நாளில் சட்டமன்றம் ஒரு கதவைச் சாத்த முற்பட, நீதிமன்றம் மறு கதவைத் திறந்தது. 2006 டிசம்பர் 13ஆம் நாள் மேலும் ஓர் ஆணை வந்தது. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் 40 பேராவது இருந்து, அங்கன்வாடி இல்லாத குடியிருப்பின் மக்கள் கேட்டால், மூன்று மாதத்துக்குள் மையம் தர வேண்டும் என்றது. கேட்டால் கிடைக்கும் என்ற நிலை ஏழைக்குக் கிடைத்தது இந்நாட்டில் அரிய செய்தி.

ஆனால் நாற்பது குழந்தைகள் என்றால் ஏறத்தாழ முந்நூறு பேர் வாழும் ஊர். பத்து வீட்டுச் சரிவுக்கு அந்தக் கணக்கு எட்டாது. திட்டத்தின் தொடக்கக் காலத்தில் சமவெளியில் 1,000 பேருக்கு ஒரு மையம், பழங்குடிப் பகுதியில் 700 பேருக்கு ஒன்று என்பது அளவாயிருந்தது. எதிர்ப்புகளும் நீதிமன்ற ஆணைகளும் சேர்ந்து இந்த அளவைத் தளர்த்தின. 2007ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி மலை, பழங்குடிப் பகுதிகளில் 300 முதல் 800 பேருக்கு ஒரு மையமும், 150 முதல் 300 பேருக்குக் குறு மையமும் என்றாயிற்று.

இது மறுத்துப் பேசியோர் பெற்ற வெற்றி என்பதை நாம் நினைவில் கொள்ள வேண்டும். அவர்கள் ‘எங்கள் பிள்ளையைத் தொடாதே’ என்று அரசைத் தள்ளவில்லை. ‘இன்னும் அருகே வா’ என்று இழுத்தனர். எதிர்ப்பில் இப்படியும் ஒரு வகை உண்டு. அப்படியும் 150 பேருக்குக் குறைந்த குடியிருப்புகள் கணக்குக்கு வெளியேதான் நின்றன. இரண்டு வயதுக் குழந்தை ஓடையைக் கடந்து, காட்டுப் பாதையில் இரண்டு கல் நடந்து மையத்துக்கு வராது. யாராவது இடுப்பில் சுமந்து வர வேண்டும். சுமப்பவள் யார் என்பதை வாசகர் அறிவீர்கள்.

மூடிய காப்பகங்கள்

அங்கன்வாடியின் நேரம் வேறு. உழைக்கும் தாயின் நேரம் வேறு. விடியலில் வேலைக்குப் போய் மாலையில் திரும்புபவளின் கைக்குழந்தைக்கு வேண்டியது நாள் முழுவதும் இருக்கும் காப்பகம். தானே தொழில் செய்தும் கூலிக்கு உழைத்தும் வாழும் பெண்களைப் பற்றி ஆராய இளா பட் தலைமையில் அமைந்த தேசிய ஆணையம் 1988இல் அளித்த ‘சிரம சக்தி’ அறிக்கை இதை வலியுறுத்தியது. மறு ஆண்டே குழந்தைக் காப்பகங்களுக்காகப் பல அமைப்புகள் சேர்ந்து இயக்கம் கண்டன.

மைய அரசு 2006இல் தொடங்கிய ராஜீவ் காந்தி தேசியக் காப்பகத் திட்டம் இவ்வகையில் ஓரளவு கைகொடுத்தது. தொண்டு நிறுவனங்கள் நடத்த, மைய அரசு பொருளுதவி செய்தது. ஒரு காப்பகத்தின் இரு பணியாளருக்கும் சேர்த்து மாதம் 2,000 ரூபாய் மட்டுமே மதிப்பூதியமாகக் கிடைத்தது. அந்த எளிய தொகையிலும் ஊர்ப் பெண்கள் பிறர் பிள்ளையைத் தம் பிள்ளையாகப் பார்த்துக்கொண்டனர். அருட்சகோதரியர் இல்லங்களின் முற்றத்தில் இயங்கிய காப்பகங்களை நம்மில் பலரும் நினைவுகூரலாம்.

2017இல் சீர்திருத்தம் வந்தது. மதிப்பூதியம் உயர்ந்தது, பணியாளருக்கு 3,000, உதவியாளருக்கு 1,500. நாளுக்கு ஏழரை மணி நேரம், மாதம் 26 நாள் என்று நேரமும் வரையறுக்கப்பட்டது. தாளில் யாவும் நன்றாகவே தெரிந்தன. ஆனால் செலவை மைய அரசு 60, மாநில அரசு 30, தொண்டு நிறுவனம் 10 விழுக்காடு எனப் பகிர வேண்டும் என்றாயிற்று. பங்கு எப்போது வரும், யாரிடமிருந்து வரும் என்பது தெரியாமல் காப்பகங்கள் தத்தளித்தன. ஒரு காலத்தில் நாடு முழுவதும் இருபதாயிரத்தைத் தாண்டியிருந்த அவற்றின் எண்ணிக்கை சில ஆண்டுகளிலேயே ஏழாயிரத்துக்கும் கீழே இறங்கியது. காப்பகம் நடத்தியோரும் பெண்கள் அமைப்புகளும் எச்சரித்தது அப்படியே நிகழ்ந்தது. தரத்தை உயர்த்த வந்த விதி, இருந்ததையும் மூடிவிட்டது. பின்னர் 2022இல் அங்கன்வாடியோடு காப்பகத்தை இணைக்கும் ‘பாலனா’ திட்டம் வந்தது. எனினும் இடையில் மூடிய கதவின் முன் நின்ற குழந்தைகள் அதற்குள் வளர்ந்துவிட்டனர்.

தமிழ்நாட்டில் 2019இல் மற்றொரு மாற்றம் வந்தது. நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இயங்கிய 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கின. ஆங்கில வழி மழலையர் பள்ளியை ஏங்கிப் பார்த்த பெற்றோர் மகிழ்ந்தனர். அங்கு மாற்றப்பட்ட ஆசிரியர்கள் நீதிமன்றம் சென்றனர். நடுநிலைப் பள்ளியே இல்லாத மலைக் குடியிருப்புக்கு இந்த மகிழ்ச்சியும் இல்லை, வழக்கும் இல்லை.

அடுத்து வந்தது முகம். கருவுற்ற தாய்க்கும் பாலூட்டும் தாய்க்கும் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கும் வீட்டுக்கு எடுத்துச் செல்ல வழங்கும் சத்துமாவு போன்ற உணவுக்கு, 2025 ஜூலை 1 முதல் முக அடையாளம் கட்டாயம் என்று மைய அரசு விதித்தது. போலிக் கணக்கைத் தடுப்பது நோக்கம். நோக்கத்தைக் குறை கூற முடியாது. ஆனால் பழைய கைப்பேசி, எட்டாத அலைவரிசை, ஆதார் எடுத்த காலத்து முகத்தோடு பொருந்தாத இன்றைய முகம் ஆகிய மூன்றும் சேரும் இடம் மலையூர். அங்கன்வாடிப் பணியாளர் சங்கங்கள் நாடெங்கும் இதை எதிர்த்தன. ‘இவள் யாரென்று எனக்குத் தெரியும், இவள் பிரசவத்துக்கு வண்டி தேடியவளே நான்தான்’ என்று சொல்லக்கூடிய பணியாளரின் சொல் போதவில்லை. கருவி தலையசைக்க வேண்டும்! 1980இல் ஊர்ப் பெண்ணின் அறிவை நம்பித் தராசைக் கொடுத்த அரசு, இன்று அதே ஊர்ப் பெண்ணின் கண்ணை நம்பவில்லை. நாற்பத்தைந்து ஆண்டுகளில் நாம் இழந்தது இந்த நம்பிக்கை எனலாம்.

கடல் கடந்து ஒரு கூடு

இத்தகைய இழப்பு நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. நியூசிலாந்தின் முதுகுடிகளான மாவோரியர் தம் மொழி அழிவதைக் கண்டு 1982இல் ‘கோஹங்க ரேயோ’ என்னும் குழந்தைப் பராமரிப்பைத் தொடங்கினர். மொழிக்கூடு என்பது பொருள். தாய்மொழி அறிந்த பாட்டன் பாட்டிமார் பேரக்குழந்தைகளோடு நாள் முழுவதும் இருந்து, பாடி, கதை சொல்லி வளர்த்தனர். பெற்றோரும் உறவினரும் சேர்ந்தே அதை நடத்தினர். வீட்டின் நீட்சியாகவே அது அமைந்தது. 1993இல் 809 கூடுகள் இருந்தன. பதினான்காயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் அவற்றில் வளர்ந்தனர்.

1990இல் அவை கல்வி அமைச்சகத்தின் கீழ்க் கொண்டுவரப்பட்டன. ஏனைய மழலையர் பள்ளிகளுக்கென எழுதிய விதிகளும், பட்டயம் பெற்ற ஆசிரியரை வைத்தே தரத்தை அளக்கும் நிதி முறையும் பின்னர் அவற்றை நெருக்கின. பாட்டியின் மொழிக்கும் மடிக்கும் அந்தப் பட்டியலில் மதிப்பெண் இல்லை. கூடுகள் ஐந்நூறுக்கும் கீழே குறைந்தன. 2011இல் அம்மக்கள் வைத்தாங்கி தீர்ப்பாயத்தை அணுகினர். அரசு தன் உடன்படிக்கைக் கடமையில் தவறியது என 2012இல் தீர்ப்பாயம் கூறியது. அவர்களும் அரசின் பணம் வேண்டாமென்று சொல்லவில்லை. தம் பாட்டியை ஆசிரியை என்று ஏற்க வேண்டும் என்றே கேட்டனர்.

நதிக்கரையில் நின்ற தமக்கை

குடும்பம் அரசுக்கு முந்தியது என்பதை 1891இல் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் தம் சுற்றுமடலில் வலியுறுத்தினார். ஆனால் குடும்பம் தாளாத நெருக்கடியில் வீழ்ந்தால் அரசு உதவ வேண்டும் என்பதும் அதே மடலில் உள்ளது. சிறிய சமூகம் செய்யக்கூடியதைப் பெரியது பறித்துக்கொள்ளலாகாது. அதற்குத் துணை நிற்க வேண்டும் என்று 1931இல் பதினோராம் பத்திநாதர் விளக்கினார். இரண்டாம் அருள் சின்னப்பர் காலத்தில், 1983இல் திருப்பீடம் வெளியிட்ட குடும்ப உரிமைச் சாசனம், இல்லத்தில் தாய் ஆற்றும் பணியின் மதிப்பு ஏற்கப்பட வேண்டும் என்றது. இவற்றில் முதற்பாதியை மட்டும் நினைவில் வைத்து, ‘பிள்ளை வளர்ப்பது தாயின் கடமை, அரசுக்கு இங்கென்ன வேலை?’ என்று முடித்துவிடுவோர் நம்மிடையேயும் உண்டு. வயிற்றுக்காகக் கதிர் அறுக்கும் தாயிடம் அப்படிச் சொல்வது அறம் ஆகாது.

விடுதலைப் பயண நூலின் இரண்டாம் அதிகாரத்தை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். தார் பூசிய கூடையில் குழந்தை நைல் நதி நாணலிடையே கிடக்கிறது. தொலைவில் அதன் தமக்கை நின்று பார்க்கிறாள். பார்வோனின் மகள் கூடையைக் கண்டு இரங்கியதும், அச்சிறுமி ஓடிவந்து, பாலூட்ட ஒரு எபிரேயப் பெண்ணை அழைத்து வரவா என்று கேட்கிறாள். அழைத்து வருவது பெற்ற தாயை. அரச மகள் அத்தாயிடம் குழந்தையை ஒப்படைத்து, கூலியும் தருவதாகச் சொல்கிறாள். மோசே தன் வீட்டில், தன் தாயின் பாலைக் குடித்து, அரண்மனையின் செலவில் வளர்ந்தான். அரசும் வீடும் பகையின்றி ஒரு குழந்தைக்காகச் சேர்ந்த நிகழ்ச்சி அது. அதை இயலச் செய்தவள் ஒரு சிறுமி. அரச மகள் அவள் பேச்சைக் கேட்டாள் என்பதே அங்கு நிகழ்ந்த புதுமை.

நம் சட்டங்களிலும் இதன் சாயல் ஒருமுறை தென்பட்டது. 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம், பணியிடத்துக்கு ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஐவராவது வந்தால், வேலைக்கு வந்த பெண்களுள் ஒருத்தியை அவர்களைப் பார்த்துக்கொள்ள அமர்த்தி, அவளுக்கும் அதே கூலி தர வேண்டும் என்றது. குழந்தை பார்ப்பதும் வேலைதான் என்று சட்டம் சொன்ன அரிய இடம் அது. அது எத்தனை இடங்களில் நடந்தது என்று கேட்டால் நாம் தலைகுனிய நேரும்; என்றாலும் வழி அறியாமல் இல்லை நாம்.

பத்து வீட்டுச் சரிவுக்கு மையம் கட்ட இயலாதெனில், அங்குள்ள பாட்டி ஒருத்திக்கோ, பிள்ளையை நலமாக வளர்த்த தாய் ஒருத்திக்கோ கூலியும் பயிற்சியும் தானியமும் தந்து, ஐந்தாறு குழந்தைகளை அவள் திண்ணையிலேயே பார்த்துக்கொள்ளச் சொல்லலாம். மாதம் ஒருமுறை தராசு அங்கு வரட்டும். விதி எழுதுமுன் அவளைக் கேட்கட்டும். முகத்தைப் பார்க்கட்டும், கருவி கொண்டன்று, கண் கொண்டு.

தராசைத் தொங்கவிட்டு, துணிப்பையில் குழந்தையை இட்டு நிறுப்பதைக் கண்டோர் அறிவர்: சற்றுத் தள்ளி நின்று பார்த்தால் அதுவும் தூளி போலவே தெரியும். வேறுபாடு, அருகில் நிற்பவர் குழந்தையைப் பார்க்கிறாரா, முள்ளை மட்டும் பார்க்கிறாரா என்பதில்தான் இருக்கிறது.

ஜவ்வாது மலைச் சிறுமி இன்னும் அந்த மரத்தடியில் நிற்கிறாள். அவள் கையிலிருந்து தம்பியைப் பறிக்க வேண்டா. அந்தக் கையில் ஒரு புத்தகமும் இருக்கும்படி, தூளியை ஆட்ட இன்னொரு கை வரட்டும். அது யார் கை என்று நம் பங்குகளும் அன்பியங்களும் மாதர் சங்கங்களும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளுமா?